மருந்து கலக்க ஒரு ஆள்

சிவகாசி
14-2-1959

மச்சான் அவர்களுக்குக் காசிராஜன் எழுதிக்கொண்டது.

உங்கள் தங்கை சுப்புத்தாய் முழுச் சுகம். நான் பாதிச் சுகம். அவள் எழுதச் சொன்ன சேதியெல்லாம் கடைசியில் வருகிறது. முதலில் என் பாட்டைக் கேளுங்கள்.

தை பிறந்ததும் பட்டாசு லைசென்ஸ் வந்துவிட்டது. ஊருக்குத் தெற்கே எட்டு ரூம் கட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே சட்டப்படி இடம் விட்டு, வேலியும் போட்டாயிற்று. கலர் மத்தாப்புக்குக் கல்கத்தாவிலிருந்து முதல் ஆர்டரும் வந்திருக்கிறது. போன வருஷம் மழை ஏமாற்றியதில் கிராமங்களில் யாருக்கும் காட்டு வேலை இல்லை. திரி சுற்றவும் பெட்டி ஒட்டவும் தினமும் அறுபது பெண்கள் வேனில் வந்து இறங்குகிறார்கள். இறங்கியவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். மருந்து கலக்க ஆள் இல்லை.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் கடையில் கிடைக்கிறது. எதை எவ்வளவு போடுவது, எதை முதலில் சலிப்பது, காற்றில் ஈரம் இருந்தால் எதைக் குறைப்பது என்பது மட்டும் கடையில் கிடைக்கவில்லை. அது தெரிந்த கை இந்த ஊரில் இருபது தேறும். இருபதுக்கும் முதலாளி உண்டு. பொண்ணைக்கூட நாலு பேருக்குக் காட்டுவார்கள், மருந்துக்காரனைக் காட்டமாட்டார்கள். போன வாரம் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். எங்கள் ஆள் மாமனார் சாவுக்குக் கோவில்பட்டி போயிருக்கிறான் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முழங்கைவரை வெள்ளிப் பவுடர் அப்பிய ஒரு மனிதர் ஜன்னல் வழியாக என்னை எட்டிப் பார்த்தார்.

உங்கள் பேக்டரியில் மொக்கைச்சாமி இருக்கிறார். பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு, அவர் கலந்தால் தப்பாது என்று இங்கேயும் பேசிக்கொள்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் அனுப்பிவையுங்கள். அது முடியாதென்றால், ஆள் எப்படி என்றாவது எழுதுங்கள். அவருக்குத் தம்பி, பங்காளி யாராவது இருந்தால் தேடிக்கொள்கிறேன்.

சுப்புத்தாயின் சேதி: நீங்கள் குலசாமி கோயில் மாசிக் களரிக்கு வரும்போது அவளுக்குக் கருப்பட்டி கொண்டுவர வேண்டுமாம்.

இப்படிக்கு,
காசிராஜன்


ஏழாயிரம்பண்ணை
20-2-1959

மாப்பிள்ளை காசிராஜன் அவர்களுக்கு,

லைசென்ஸ் வந்தது அறிந்து மகிழ்ச்சி. நெருப்போடு செய்கிற வியாபாரம். நிதானம் முக்கியம்.

மொக்கைச்சாமியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் பழைய பேச்சு. தங்கச்சி வீட்டுக்காரர் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். அவனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. காபி டம்ளரை மேஜையில் வைப்பதற்குள் பாதி சட்டையில் கொட்டுகிறது. பழகிய ஆளை விரட்ட மனமில்லாமல் வைத்திருக்கிறேன். அவனை மருந்து ரூமில் விடுவது உங்களுக்கு ஆகாது.

என்னிடம் கருப்பணன் என்று ஒருவன் இருக்கிறான். சின்ன வயசு, கெட்டிக்காரன், சொன்னதைத் தட்டமாட்டான். உங்களுக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவனை விட்டுக்கொடுக்கிறேன். திங்கட்கிழமை பஸ்ஸில் வருவான்.

கருப்பட்டி அவன் கையிலேயே வருகிறது.

ஆசீர்வாதத்துடன்,
சீனிவாசகம்


சிவகாசி
18-4-1959

மச்சான் அவர்களுக்கு,

கருப்பட்டி நன்றாக இருந்தது. கருப்பணன்தான் சரியில்லை.

அவன் கலந்த பச்சை மத்தாப்பைக் கொளுத்திப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் புகைந்து, பாதியில் செத்துப்போனது. சிவப்பு, பழுத்த பப்பாளி மாதிரி ஒரு நிறம். இரண்டு மாதச் சரக்கைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டினோம். கெட்டிக்காரன் என்றீர்கள். சாப்பாட்டில் கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அது போகட்டும். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு நானும் சுப்புத்தாயும் போயிருந்தோம். கூட்டத்தில் அக்கினிச்சட்டி ஏந்தி வந்தவர்களில் உங்கள் மொக்கைச்சாமியும் ஒருவர். சட்டி நிறைய நெருப்பு. அம்மன் கோயிலைச் சுற்றி மூன்று சுற்று வந்தார். ஒரு கங்குகூடக் கீழே சிந்தவில்லை, மச்சான். நடுங்குகிற கை.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. சுப்புத்தாய்தான் சிரித்தாள். "எங்க அண்ணன் என்ன புதுசாவா செஞ்சுபுட்டாக? இந்த ஊருல எல்லா மொதலாளியும் செய்யிறதுதானே" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதும் சரி. நல்ல ஆளைப் பற்றி யாராவது விசாரித்தால் குடிகாரன், நோயாளி என்று பழிப்பதும், ஆகாத ஆளைத் தலையில் தூக்கிவைத்துப் புகழ்வதும் இங்கே தொழில் தர்மமாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பேக்கிங் மேஸ்திரி ராக்கப்பனைப் பற்றி ஒருவர் கேட்டபோது அவனுக்கு வலிப்பு உண்டு என்று போன மாதம் நானே சொன்னேன். ராக்கப்பன் காளை மாடு மாதிரி இருக்கிறான்.

எனக்கு வேறு ஆள் கிடைக்காமலா போகும்? வீட்டு ஆளிடமே இந்த வித்தையைக் காட்டியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

காசிராஜன்


ஏழாயிரம்பண்ணை
23-4-1959

மாப்பிள்ளைக்கு,

அகப்பட்டுக்கொண்டேன். ஒத்துக்கொள்கிறேன். கை நடுக்கம் நான் கட்டிய கதை.

ஆனால் என் பக்கத்தையும் பாருங்கள். மொக்கைச்சாமி போனால் என் பேக்டரியில் எண்பது பேர் மறுநாள் வீட்டில் உட்கார வேண்டும். கடையில் ஒரே ஒரு தராசு வைத்திருப்பவன் அதை இரவல் தருவானா? தம்பி கேட்டாலும் உடைந்து கிடக்கிறது என்றுதான் சொல்வான். இதை மனசில் வைக்க வேண்டாம். ஆடிக்கு இருவரும் வந்து சேருங்கள்.

சீனிவாசகம்


சிவகாசி
6-2-1961

மச்சான் அவர்களுக்கு,

மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். மொக்கைச்சாமி நேற்றுக் காலை என் கேட்டில் வந்து நின்றார். நான் ஆள் விடவில்லை, சேதி அனுப்பவில்லை. சுப்புத்தாய் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

இந்த இரண்டு வருஷமாக நான் பட்டது உங்களுக்குத் தெரியும். மூன்று மருந்துக்காரர்கள் வந்தார்கள், மூன்று பேரும் சீசன் நடுவில் போனார்கள். கடைசியாக வந்தவரை, வேனில் ஏறப்போன இடத்திலேயே வேறொரு கம்பெனிக்காரர் கார் வைத்து ஏற்றிக்கொண்டு போனார். போன தீபாவளிக்குப் பாதிச் சரக்குதான் அனுப்ப முடிந்தது. இந்த வருஷமும் அப்படியே என்றால் கேட்டைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

ஏன் வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். நீங்கள் அவரை மருந்து ரூமிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டோரில் சாக்கு எண்ண விட்டிருப்பதாகச் சொன்னார். "மருந்து ரூமை விட்டு வெளிய வந்தா நான் யாரு மொதலாளி? பத்தோட பதினொண்ணு" என்றார். சொல்லும்போது அந்த மனிதர் கண் கலங்கியது. என்ன வருத்தமோ உங்கள் இருவருக்குள். எனக்குத் தெரியாது.

அவரும் அவர் வீட்டம்மாள் ராக்காயியும் தங்க என் கேட்டுக்கு எதிரே ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டேன். இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

காசிராஜன்


ஏழாயிரம்பண்ணை
9-2-1961

காசிராஜன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து எழுதலாம் என்று நினைத்தேன். ஆறவில்லை.

அவனை ஏன் எடுத்தேன் என்பதைக் கேளுங்கள். போன ஐப்பசியிலிருந்து அவனுக்கு வலது கை நடுங்குகிறது. முதலில் எனக்கே தெரியாது. சலித்த மருந்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன், வாசல்படியில் நின்றுவிட்டான். தட்டு நிலைக்கதவில் போய்ப் போய்த் தட்டுகிறது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான். அன்றைக்கே அவனை ஸ்டோருக்கு மாற்றினேன். சம்பளத்தில் ஒரு பைசா குறைக்கவில்லை. அதைத்தான் அவன் அவமானம் என்று எடுத்துக்கொண்டான்.

முன்பு ஒரு தடவை இதையே பொய்யாக எழுதினேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இது பொய் இல்லை. அவனை மருந்து ரூமுக்குள் விடாதீர்கள்.

அவனை உடனே இங்கே திருப்பி அனுப்புங்கள். புதிதாக வந்திருக்கும் அய்யாதுரைக்கு அளவு பிடிபடவில்லை. பக்கத்தில் நின்று சொல்லித்தர எனக்கு மொக்கைச்சாமி வேண்டும். அவன் இல்லாமல் இங்கே நாலு நாளாக வேலை நிற்கிறது. பன்னிரண்டு வருஷம் என் உப்பைத் தின்றவன் கேட்டில் வந்து நின்றால், "உன் முதலாளியிடம் சொல்லிவிட்டு வா" என்று திருப்பி அனுப்புவதுதான் சம்பந்தக்காரர் செய்கிற காரியம். கார் வைத்து ஆள் தூக்குகிறவர்களைக் குறை சொல்லி எழுதிய அதே கடிதத்தில் நீங்கள் வீடு கொடுத்துத் தூக்கியிருக்கிறீர்கள்.

சீனிவாசகம்


சிவகாசி
15-2-1961

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சுப்புத்தாயிடம் காட்டவில்லை. காட்டினால் அவள்தான் வருத்தப்படுவாள்.

வலது கை, நடுக்கம், மருந்து ரூமில் விடாதே. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போது காபி டம்ளர், இப்போது தட்டு. அதுதான் வித்தியாசம். அப்போது அவரை நான் கேட்டேன் என்பதற்காக எழுதினீர்கள். இப்போது அவரைத் திருப்பி வாங்குவதற்காக எழுதுகிறீர்கள். நடுங்குகிற ஆள் எனக்கு ஆகாது, உங்களுக்கு மட்டும் உடனே வேண்டும்.

அப்படியும் சும்மா இருக்கவில்லை. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மொதலாளி இன்னும் அதத்தான் சொல்லுதாகளா?" என்று சிரித்தார். கையை நீட்டுங்கள் பார்ப்போம் என்றேன். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கி, கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி மரியாதையாக நீட்டினார். கை அசையவில்லை. அதற்கு மேல் ஒரு பெரிய மனிதரை எப்படிச் சோதிப்பது?

நேற்று அவர் கலந்த பச்சையைக் கொளுத்திப் பார்த்தோம். கிளி மாதிரி இருந்தது. அறுபது பெண்களும் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆள் தூக்கினேன் என்று எழுதிவிட்டீர்கள். இந்த விஷயமாக இனி ஒரு வரியும் வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். ஆடிக்கு நாங்கள் வருவதற்கில்லை.

காசிராஜன்


சிவகாசி
19-8-1961

மச்சான் அவர்களுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். சாவுக்கு நீங்கள் அய்யாதுரையை அனுப்பிவைத்தீர்கள் என்று சொன்னார்கள். அன்று நான் யாரையும் அடையாளம் தெரிந்து பார்க்கவில்லை. நீங்கள் வராததைக் குற்றமாகச் சொல்லவில்லை. வந்திருந்தால் உங்கள் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். வெயில் ஏறுவதற்குள் கலந்து முடிக்கிறவர் மொக்கைச்சாமி. அந்த நேரத்தில் ரூமில் அவரைத் தவிர யாரும் இருக்கக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தால்தான் வேறு யாரும் சாகவில்லை. அதனால்தான் ஆறு மாதமாக அவர் கையை யாரும் பார்க்கவும் இல்லை. பெண்களின் வேன் அப்போதுதான் ஊர் எல்லையில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் ஆபீஸில் லோடு சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டதும் ஓடினேன். ஓடிப் போய்ச் செய்வதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. சல்லடை எங்கோ தட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

ராக்காயியிடம் சொல்லத் துணிவில்லாமல் நின்றேன். எதிர்வீடுதானே, அவளே வந்துவிட்டாள். அழுது முடித்து மூன்றாம் நாள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு மாசமா நாந்தான் சோறு ஊட்டுனேன் மொதலாளி. கையில எடுத்த சோறு வாய்க்குப் போய்ச் சேரல. ஒங்ககிட்டச் சொல்லிருவேன்னா, சொன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்னுவாக. நானாப் போய்ச் சொல்லப் பயந்து கெடந்தேன். ஆனா நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எங்கிட்ட யாரும் கேக்கலயே."

மச்சான், நான் உங்களிடம் கேட்டேன். அவரிடம் கேட்டேன். சாத்தூர்ப் பக்கத்து முதலாளி ஒருவரிடம்கூட விசாரித்தேன், அவரும் நீங்கள் நாடகம் ஆடுவதாகத்தான் சொன்னார். என் கேட்டிலிருந்து அந்த வீட்டு வாசல் முப்பது அடி. தினமும் அவளைப் பார்க்கிறேன். ஒரு ஆள் எப்படி என்று தெரிந்துகொள்ள இன்னொரு முதலாளியைக் கேட்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. அவன் பெண்டாட்டியைக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

இடது கையால் மணிக்கட்டைத் தாங்கினார் என்று உங்களுக்கு எழுதினேனே. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

சுப்புத்தாய் இரண்டு கடிதத்தையும் எடுத்துப் படித்துவிட்டாள். "அண்ணன் பொய் சொன்ன கடுதாசிய நம்பி ஆள விட்டீக. மெய் சொன்ன கடுதாசிய நம்பாம ஆளக் கொன்னீக" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ராக்காயி ஊருக்கே போகிறேன் என்றாள். நேற்று வண்டி வைத்து அனுப்பினேன். உங்கள் ஊர்தான். ஒரு எட்டு போய்ப் பாருங்கள். பேக்டரியைப் பூட்டிவிட்டேன். திறப்பேனா என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னீர்கள், நான் கேட்கவில்லை. அதை எழுத்தில் ஒத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

காசிராஜன்


ஏழாயிரம்பண்ணை
24-8-1961

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் ஒத்துக்கொண்டதைப் படித்த பிறகு நான் சும்மா இருந்தால் நான் மனிதன் இல்லை. இதை முழுக்கப் படித்துவிட்டுச் சுப்புத்தாயிடமும் கொடுங்கள்.

ஜூலை முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஊர்ப்பொங்கல். மொக்கைச்சாமியும் வந்திருந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோயில் மதிலுக்குப் பின்னால் தனியாக நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நெருப்புக்குச்சியும் பீடியும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. நாலு குச்சி கிழித்தார். பிறகு பீடியை மடியில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலே வரி. 'அவனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம், திருப்பிக் கேட்கவும் மாட்டேன். பழைய பேச்சை வாபஸ் வாங்குகிறேன். மருந்து ரூமுக்குள் மட்டும் விடாதீர்கள்.' இவ்வளவுதான். பிப்ரவரியிலேயே இப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். நான் ஆளையும் கேட்டேன், எச்சரிக்கையும் சொன்னேன். இரண்டையும் ஒரே தாளில் எழுதியதுதான் நான் செய்த பாவம். கார் வைத்து ஆள் தூக்குவதைப் பற்றியெல்லாம் எழுதத் தோன்றிய எனக்கு, அது மட்டும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை எழுதிய அந்தக் கடிதத்தை உறையில் போட்டு, விலாசம் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டினேன். பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன் என்று நீங்கள் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தால் தபால்காரன் அதை என் கணக்கப்பிள்ளை முன்னால்தான் கொடுப்பான். மாப்பிள்ளை வீட்டில் கடிதத்தைப் பிரிக்காமல் எறிந்துவிட்டார்கள் என்று ஊர் பேசும். இரண்டு நாள் போகட்டும், யார் கையிலாவது கொடுத்துவிடலாம் என்று மேஜை டிராயரில் வைத்தேன். பிறகு இன்னும் இரண்டு நாள். தந்தி வந்தபோது அது டிராயரில்தான் இருந்தது.

இதனால்தான் நான் சாவுக்கு வரவில்லை.

நீங்கள் நம்பாமல் போனது நான் கற்றுக்கொடுத்த பாடத்தால். அந்தப் பழியை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. உங்களிடம் சுப்புத்தாய் பேசாமல் இருப்பது நியாயமில்லை. பேசாமல் இருக்க வேண்டிய ஆள் நான்.

ராக்காயியை நேற்றுப் போய்ப் பார்த்தேன். பாய் போட்டு உட்காரச் சொன்னாள். உட்கார முடியவில்லை. நின்றபடியே கடிதத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். பதினோரு நாள் என்றேன்.

பிறகு, ஏதோ எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள். "இங்கனயிருந்து சிவகாசிக்கு ஒரே நாளுல தபால் போயிருமே, மொதலாளி."

ஆமாம் என்றேன்.

சீனிவாசகம்